அழைப்பு இணைந்தது, குரல் கேட்டதா? பல சாதனங்களில் வெப்ஆர்டிசி தானியங்கிச் சோதனை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உலாவிக்குள்ளேயே நடக்கும் குரல், வீடியோ அழைப்புகளுக்குத் தானியங்கிச் சோதனை எழுதுவது சில ஆண்டுகளாக என் வேலை. குழுவுக்குப் புதிதாக வருகிறவர் யாராக இருந்தாலும் முதல் மாதத்தில் கேட்கிற கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுதான். இரண்டாம் மாதத்தில் கேட்கிறவையும் ஒன்றுதான், கொஞ்சம் கோபத்தோடு. வாய் வலிக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு எழுதிவைக்கத் தொடங்கினேன். கேள்விகளைக் கேட்டவர்களின் வாக்கிலேயே விட்டிருக்கிறேன். பின்னால் வரும் பதில்கள் முன்னால் உள்ளவற்றைத் துணைக்கு அழைக்கும் என்பதால் எண் போட்டிருக்கிறேன்.

1. வெப்ஆர்டிசி என்றால் சரியாக என்ன? சாதாரண இணையப் பக்கத்தைச் சோதிப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

தனியாக எந்த மென்பொருளும் நிறுவாமல், உலாவிகள் ஒலியையும் படத்தையும் தரவையும் தமக்குள் பரிமாறிக்கொள்ள உதவும் தொழில்நுட்பம் இது. கூகுள் 2011இல் திறமூலமாக வெளியிட்டது. இணையத் தரநிலைகளை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2021 ஜனவரியில் முறையான தரநிலையாக ஏற்றது. பேச விரும்பும் இருவரை அறிமுகப்படுத்தி வைக்கும் சிக்னலிங் சர்வர் மட்டும் நம் பொறுப்பு. அதை எப்படி எழுத வேண்டும் என்று தரநிலை எதுவும் சொல்வதில்லை. பிழைகள் விரும்பிக் குடியேறும் இடமும் அதுதான்.

சாதாரணப் பக்கத்தில் பொத்தானை அழுத்துகிறோம், திரையில் ஒரு வரி தோன்றுகிறது, அந்த வரி சரியா என்று ஸ்கிரிப்ட் பார்க்கிறது. இங்கே ஒரு திரையில் தெரிய வேண்டியதை இன்னொரு சாதனம் தீர்மானிக்கிறது. மேலும், நமக்கு வேண்டிய விடை பக்கத்தின் எழுத்துகளில் இருப்பதில்லை. வீடியோ பெட்டி பக்கத்தில் இருக்கும்; அதற்குள் முகம் தெரிகிறதா, வெறும் கறுப்பா என்பதைப் பக்கத்தின் குறிநிரல் சொல்லாது.

2. ஒரே கணினியில் இரண்டு தாவல்களைத் திறந்து ஒன்றோடொன்று பேசவிட்டால் போதாதா?

தொடங்குவதற்கு நல்ல இடம். அறையில் சேர்வது, வெளியேறுவது, பெயர் தெரிவது போன்ற தர்க்கப் பிழைகள் அங்கேயே பிடிபடும். ஆனால் அந்த அழைப்பின் பாக்கெட்டுகள் (தரவு பயணிக்கும் சிறு பொட்டலங்கள்) கணினியை விட்டு வெளியே போவதே இல்லை. இரு முனைகளும் ஒரே உலாவி, ஒரே பதிப்பு, ஒரே சிபியு. உண்மையில் எது உடையுமோ அதெல்லாம் இங்கே உடையாது.

இன்னொரு தொல்லை: இரண்டு தாவல்களில் ஒன்று எப்போதும் மறைந்திருக்கும். மறைந்த தாவலில் அனிமேஷன் சட்டங்கள் (ஃப்ரேம்கள்) நின்றுவிடும், டைமர்கள் மெதுவாகும். தனித்தனிச் சன்னல்களாகத் திறந்தாலும், ஒன்றை மற்றொன்று முழுமையாக மூடினால் குரோம் அதையும் மறைந்ததாகவே கருதும். சோதனை தோற்றதும் மென்பொருளைச் சந்தேகிப்போம். குற்றவாளி சன்னல் அடுக்காக இருக்கும். ஆகவே ஒரே கணினியானாலும் இரண்டு தனி உலாவிச் செயல்முறைகளாக ஓட்டுங்கள், சன்னல்களைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். அது நிலையாக ஓடிய பிறகு இரண்டு கணினிகள், அதன் பிறகு கைபேசிகள்.

3. கேமராவே இல்லாத சர்வரில் சோதனை ஓட வேண்டும். படம் எங்கிருந்து வரும்?

உலாவியே பொய்க் கேமரா ஒன்றைத் தரும். குரோமைத் தொடங்கும்போது ‘யூஸ்-ஃபேக்-டிவைஸ்-ஃபார்-மீடியா-ஸ்ட்ரீம்’ என்ற ஃபிளாக்கைக் கொடுத்தால், பச்சைப் பின்னணியில் சுற்றிக்கொண்டே இருக்கும் ஒரு வட்டமும் ஓடும் கடிகாரமும் படமாக வரும். ஒலியாக இடைவிட்டு ஒரு பீப் வரும். ஃபயர்ஃபாக்ஸில் ‘மீடியா.நேவிகேட்டர்.ஸ்ட்ரீம்ஸ்.ஃபேக்’ என்ற அமைப்பை உண்மையென வைத்தால் அதே வேலை நடக்கும். சஃபாரியின் டெவலப் மெனுவில் பாவனைச் சாதனங்களைப் பயன்படுத்தும் தேர்வு இருக்கிறது.

சொந்தப் படம் வேண்டுமென்றால் குரோமுக்கு ஒய்4எம் அல்லது எம்ஜேபெக் கோப்பையும், ஒலிக்கு வேவ் கோப்பையும் கொடுக்கலாம். ஒய்4எம் சுருக்கப்படாத வடிவம் என்பதை நினைவில் வையுங்கள். 1280க்கு 720 அளவுள்ள ஒரு சட்டம் 13,82,400 பைட். நொடிக்கு 30 சட்டம் என்றால் நொடிக்கு ஏறக்குறைய 41.5 எம்பி. பத்து நொடிக் காட்சி ஏறக்குறைய 415 எம்பி ஆகும். இதை ஒருவர் குறிநிரல் களஞ்சியத்தில் நேரடியாகச் சேர்த்ததையும் பார்த்திருக்கிறேன். அன்று யாருக்கும் வேலை ஓடவில்லை. எம்ஜேபெக் போதுமான இடத்தில் அதையே பயன்படுத்துங்கள்.

4. “கேமராவை அனுமதிக்கவா?” என்ற பெட்டி வந்து சோதனையை நிறுத்திவிடுகிறது. எப்படித் தவிர்ப்பது?

குரோமில் ‘யூஸ்-ஃபேக்-யுஐ-ஃபார்-மீடியா-ஸ்ட்ரீம்’, ஃபயர்ஃபாக்ஸில் ‘மீடியா.நேவிகேட்டர்.பெர்மிஷன்.டிஸேபிள்டு’. பெட்டி வராது, அனுமதி தானாகக் கிடைக்கும்.

ஆனால் எல்லாச் சோதனைகளிலும் அனுமதி தானாகக் கிடைத்தால், பயனர் ‘வேண்டாம்’ என்று அழுத்தும் பாதையை யாருமே நடந்து பார்க்காமல் விடுவோம். அனுமதி மறுப்பு, கேமரா இல்லாமை, கேமராவை வேறு செயலி பிடித்துவைத்திருப்பது ஆகிய மூன்றுக்கும் உலாவி மூன்று வெவ்வேறு பிழைகளைத் தருகிறது. மூன்றுக்கும் “ஏதோ தவறு நேர்ந்தது” என்று ஒரே செய்தியைக் காட்டும் செயலிகள்தான் அதிகம்.

5. மடிக்கணினியில் அருமையாக ஓடுகிறது. அதே பக்கத்தைக் கைபேசியில் திறந்தால் கேமராவே இல்லை என்கிறது. கைபேசியில் கேமரா இருக்கிறதே!

மடிக்கணினியில், அதே கணினியைக் குறிக்கும் ‘லோக்கல்ஹோஸ்ட்’ என்ற முகவரியில் திறந்திருப்பீர்கள், கைபேசியில் 192.168 என்று தொடங்கும் முகவரியைத் தட்டியிருப்பீர்கள். கேமராவும் மைக்கும் பாதுகாப்பான பக்கங்களுக்கு மட்டுமே கிடைக்கும். எச்டிடிபிஎஸ் பக்கம் பாதுகாப்பானது, லோக்கல்ஹோஸ்டும் அப்படியே கருதப்படும். வெறும் எச்டிடிபியில் உள்ள உள்வலை முகவரி அப்படி இல்லை. அங்கே உலாவி மறுப்பதுகூட இல்லை. ‘மீடியாடிவைசஸ்’ என்ற பொருளையே ஒளித்துவைத்துவிடுகிறது. அதனால்தான் செய்தி இப்படிக் குழப்பமாக வருகிறது.

ஆண்ட்ராய்டில் எளிய வழி: யூஎஸ்பியில் இணைத்து, கைபேசியைக் கணினியிலிருந்து இயக்கும் ஏடிபி கருவியின் ‘ஏடிபி ரிவர்ஸ்’ கட்டளையால் கைபேசியின் போர்ட்டைக் கணினியின் போர்ட்டுக்குத் திருப்பிவிட்டால், கைபேசியிலும் லோக்கல்ஹோஸ்ட் என்றே திறக்கலாம். ஐபோனுக்கு அந்த வசதி இல்லை. உண்மையான சான்றிதழ் உள்ள ஒரு சோதனைத் தளம் வேண்டும். நாமே உருவாக்கிய சான்றிதழை நிறுவினால் மட்டும் போதாது. அமைப்புகளில் பொது, அறிமுகம் என்று போய், அடியில் உள்ள சான்றிதழ் நம்பிக்கைப் பக்கத்தில் அதைத் தனியாக இயக்க வேண்டும். இந்த இரண்டாம் படியை மறந்து அரைநாள் தொலைத்தவர்களில் நானும் ஒருவன்.

6. இணைப்பு நிலை ‘கனெக்டெட்’ என்று வந்துவிட்டது. சோதனை வெற்றி என்று எழுதலாமா?

கூடாது. இந்தப் பக்கத்தில் ஒரு பதிலை மட்டும் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள்.

முன்பு நான் வேலை செய்த ஒரு தயாரிப்பில், சோதனைப் பலகை மூன்று வாரம் பச்சையாகவே இருந்தது. அதே மூன்று வாரமும் பயனர்கள் “எதிரில் இருப்பவர் பேசுவது கேட்கவில்லை” என்று எழுதிக்கொண்டிருந்தார்கள். ஒரு திருத்தத்தில் ஒலித் தடம் முடக்கப்பட்ட நிலையிலேயே அனுப்பப்பட்டிருந்தது. இணைப்பு உருவானது, பாக்கெட்டுகள் போயின, எண்ணிக்கை ஏறியது. பாக்கெட்டுகளுக்குள் இருந்தது மௌனம். எங்கள் சோதனை எதைப் பார்த்ததோ அது எல்லாம் சரியாகவே இருந்தது. நாங்கள் பார்த்ததுதான் தவறு.

வெற்றியை நான்கு படிகளாகப் பாருங்கள். இணைப்பு உருவானதா? பாக்கெட்டுகள் வந்து சேர்ந்தனவா? அவை படமாகவும் ஒலியாகவும் விரிந்தனவா? விரிந்தது நாம் அனுப்பியதுதானா? ‘கனெக்டெட்’ என்பது முதல் படி மட்டுமே. வீடியோத் தடத்தை முடக்கினால் உலாவி கறுப்புச் சட்டங்களை அனுப்பிக்கொண்டே இருக்கும் என்பதால், விரிந்த சட்டங்களின் எண்ணிக்கையும் மூன்றாம் படியோடு நின்றுவிடும். நான்காம் படிக்கு, பெறுகிற முனையில் வீடியோவை ஒரு கேன்வாஸில் வரைந்து சில புள்ளிகளின் நிறத்தைப் படியுங்கள். பொய்க் கேமராவின் பச்சை இருக்கிறதா? ஒரு நொடி கழித்து அதே புள்ளிகள் மாறியிருக்கின்றனவா? ஒலிக்கு, உலாவியின் ஒலிக் கருவியான வெப் ஆடியோவில் அதிர்வெண்களைப் பிரித்துக் காட்டும் அனலைசரில் நாம் அனுப்பிய அதிர்வெண் மேலே எழுகிறதா என்று பாருங்கள். குரோமில் நெடுங்காலமாக ஒரு வினோதம் உண்டு: தொலைவிலிருந்து வரும் ஒலியை வெப் ஆடியோவுக்கு மட்டும் கொடுத்தால் மௌனமே கிடைக்கும், ஒரு ஆடியோ உறுப்போடும் இணைத்து வையுங்கள்.

எதை எழுதினாலும் பெறுகிற முனையில் எழுதுங்கள். அனுப்பியவரின் சாட்சியம் செல்லாது.

7. ‘கெட்ஸ்டாட்ஸ்’ நூற்றுக்கணக்கான எண்களைக் கொட்டுகிறது. எதைப் பார்ப்பது?

அழைப்பைப் பற்றி உலாவி தரும் புள்ளிவிவரங்கள்தான் அவை. பெறும் முனையில் ‘இன்பவுண்ட்-ஆர்டிபி’ அறிக்கை: இழந்த பாக்கெட்டுகள், ஜிட்டர் (பாக்கெட்டுகள் வந்து சேரும் இடைவெளியின் ஏற்ற இறக்கம்), விரித்த சட்டங்கள், உறைந்த முறைகள். ஒலிக்கு ‘கன்சீல்டு சாம்பிள்ஸ்’ முக்கியம். வராத ஒலியை உலாவி எவ்வளவு இட்டுக்கட்டி நிரப்பியது என்று அது சொல்லும். பேச்சு உடைந்து கேட்டது என்ற புகாருக்கு இதைவிட நெருக்கமான எண் இல்லை. அனுப்பும் முனையில் ‘குவாலிட்டி லிமிடேஷன் ரீசன்’: தரம் குறைந்தது சிபியு திணறியதாலா, அலைவரிசை (நெட்வொர்க்கின் கொள்ளளவு) போதாததாலா என்று அது காட்டிக்கொடுக்கும்.

இரண்டு பொறிகள். பெரும்பாலான எண்கள் அழைப்பு தொடங்கியதிலிருந்து கூடிக்கொண்டே வருபவை. ஒரு முறை படித்து “சுழியத்தைவிட அதிகம்” என்று சரிபார்த்தால், முதல் நொடியில் வந்து அதன் பின் செத்துப்போன ஓடையும் தேர்ச்சி பெறும். நொடிக்கொரு முறை படித்து வித்தியாசத்தைப் பாருங்கள். இரண்டாவது, ஜிட்டரும், பாக்கெட் போய்த் திரும்பும் சுற்றுப்பயண நேரமும் நொடிக் கணக்கில் வருகின்றன, மில்லிநொடியில் வருவதில்லை. 0.03 என்பதை “அடடா, மிகக் குறைவு” என்று படித்தவர்கள் உண்டு.

8. பீப் ஒலியை அனுப்புகிறேன். மறுமுனையில் சில நேரம் கேட்கிறது, சில நேரம் இல்லை. ஏன்?

உலாவி அதை இரைச்சல் என்று நினைத்து அழித்திருக்கும். மைக்கிலிருந்து வரும் ஒலியின் மீது எதிரொலி நீக்கம், இரைச்சல் குறைப்பு, தானியங்கி ஒலியளவு என மூன்று வடிகட்டிகள் இயல்பாகவே வேலை செய்கின்றன. மனிதப் பேச்சைக் காப்பாற்ற உருவானவை அவை. ஒரே சுருதியில் இருக்கும் செயற்கை ஒலிக்கு அவற்றிடம் மரியாதை கிடையாது.

ஒலி போய்ச் சேர்கிறதா என்று மட்டும் பார்க்கும் சோதனைகளில் மூன்றையும் மைக் அனுமதி கேட்கும்போதே அணைத்துவிடுங்கள். வடிகட்டிகளோடு சேர்த்துச் சோதிக்க வேண்டுமென்றால், பதிவுசெய்த உண்மையான பேச்சை வேவ் கோப்பாகக் கொடுங்கள்.

9. எத்தனை நொடி காத்திருக்க வேண்டும்? இப்போதைக்கு எல்லா இடத்திலும் ‘ஸ்லீப் 10’ போட்டிருக்கிறேன்.

நெட்வொர்க் நன்றாக இருக்கும் நாளில் எட்டு நொடி வீண், மோசமான நாளில் இரண்டு நொடி போதாது. நேரத்துக்காகக் காத்திருக்காமல் நிலைக்காகக் காத்திருங்கள்: “தொடர்ந்து மூன்று முறை படித்தும் சட்டங்களின் எண்ணிக்கை ஏறியது” என்பது போல. மேல்வரம்பு ஒன்று வைத்து, அதைத் தாண்டினால் தோல்வி.

படத்தின் அளவைச் சரிபார்ப்பவர்கள் மட்டும் கூடுதலாகப் பொறுக்க வேண்டும். குரோம் போன்றவை அலைவரிசை எவ்வளவு என்று தெரியாத நிலையில் நொடிக்கு 300 கிலோபிட் அளவில் தொடங்கி, பாதையைத் தட்டிப் பார்த்து மெல்ல மேலேறும். மூன்றாம் நொடியில் 720 வரி வேண்டும் என்று கேட்டால் கிடைக்காது. அது பிழையும் இல்லை. அதேபோல ‘டிஸ்கனெக்டெட்’ என்ற நிலை வந்ததும் தோல்வி என்று முடிவுகட்டாதீர்கள். அது தற்காலிகத் தடங்கல், தானாக மீளக்கூடியது. ‘ஃபெயில்டு’ வந்தால்தான் தோல்வி.

10. இரண்டு மூன்று சாதனங்களை ஒரே தாளத்தில் எப்படி நடத்துவது? ஒன்று அழைக்கும்போது இன்னொன்று பக்கத்தையே திறக்காமல் நிற்கிறது.

ஒரு நடத்துநர் வேண்டும். எல்லாச் சாதனங்களும் ஒரு சிறிய ஒருங்கிணைப்புச் செயல்முறையிடம் “தயார்” என்று சொல்ல வேண்டும். எல்லோரும் சொன்ன பிறகே அது அடுத்த படியைத் திறந்துவிடும். உலாவியை ஸ்கிரிப்டால் இயக்கும் கருவி செலினியமோ ப்ளேரைட்டோ எதுவானாலும் ஒரே ஸ்கிரிப்டிலிருந்து இரண்டு உலாவிகளைப் பிடித்துவைத்திருந்தால் இது எளிது. சாதனங்கள் வெவ்வேறு கணினிகளில் இருந்தால் செய்திகளை இருபுறமும் உடனுக்குடன் கடத்தும் ஒரு வெப்சாக்கெட் சர்வர் போதும். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் அறையின் பெயரைப் புதிதாக உருவாக்குங்கள். ‘டெஸ்ட்’ என்ற அறையில் நேற்றைய சோதனையின் பேய் இன்னும் உட்கார்ந்திருக்கும்.

இப்படி ஒழுங்காக நடத்தப் பழகியதும், வேண்டுமென்றே ஒழுங்கைக் கெடுங்கள். உண்மைப் பயனர்கள் வரிசையில் வருவதில்லை. இருவரும் ஒரே கணத்தில் அழைப்பு முன்மொழிவை அனுப்பினால் என்ன ஆகிறது? ஒருவர் விட்டுக்கொடுக்கும்படி நிரல் எழுதப்படவில்லையென்றால் இரண்டு பக்கமும் விழிக்கும். “என்னை இந்த முகவரியில் அடையலாம்” என்று சொல்லும் ஐஸ் கேண்டிடேட், மறுமுனையின் விவரணம் (அது எதை எப்படி அனுப்பும் என்ற குறிப்பு) பதிவாகும் முன்பே வந்துவிட்டால் உலாவி பிழை வீசும். அதைப் பிடித்து வரிசையில் நிறுத்திவைப்பது நம் வேலை. உள்வலையில் செய்திகள் எப்போதும் சரியான வரிசையில் வருவதால் இந்தப் பிழை மேசையில் தெரியாது. சிக்னலிங் சர்வரில் ஒவ்வொரு செய்தியையும் தற்போக்கான சில நூறு மில்லிநொடி தாமதப்படுத்தும் ஒரு சோதனை முறையைச் சேர்த்துவிடுங்கள். எனக்குத் தெரிந்து, இதைவிடக் குறைந்த உழைப்பில் அதிகப் பிழை பிடித்த வழி வேறில்லை.

11. மோசமான நெட்வொர்க்கை எப்படி வரவழைப்பது? டெவலப்பர் கருவிகளில் ‘ஸ்லோ 3ஜி’ போட்டேன், அழைப்பு அசரவே இல்லை.

அந்த அமைப்பு பக்கங்களும் படங்களும் இறங்கும் வேகத்தைக் கட்டுப்படுத்தத்தான் வந்தது. யூடிபி என்ற நெறிமுறையில் போகும் வெப்ஆர்டிசியின் பாக்கெட்டுகளைப் பல ஆண்டுகள் அது தொட்டதே இல்லை. நம்பத்தக்க வழி லினக்ஸின் ‘டிசி நெட்எம்’. தாமதம், இழப்பு, வரிசை குலைவு எல்லாவற்றையும் பாக்கெட் மட்டத்திலேயே ஏற்படுத்தும். அது இயல்பாக வெளியே போகும் பாக்கெட்டுகளை மட்டுமே பாதிக்கும் என்பதைக் கவனியுங்கள். ஒரு பக்கம் மட்டும் கெட்டு, மறுபக்கம் பளிச்சென்று இருக்கும்.

கைபேசிகளுக்கு, வைஃபை தரும் ஒரு லினக்ஸ் பெட்டியை நடுவில் வைத்து அதன் இரண்டு இடைமுகங்களிலும் நெட்எம் போடுங்கள். கைபேசியில் எதையும் மாற்ற வேண்டாம், இரு திசையும் கெடும். அழைப்பின் நடுவில் திடீரென்று கெடுத்து, திடீரென்று சரிசெய்வதும் அவசியம். கெடும்போது தாங்குவதைவிட, சரியான பிறகு மீண்டு மேலே வருவதில்தான் பல செயலிகள் தோற்கின்றன.

12. எங்கள் இடத்தில் எல்லாம் ஓடுகிறது. வாடிக்கையாளர் அலுவலகத்தில் அழைப்பு இணைவதே இல்லை. சோதனையில் ஏன் சிக்கவில்லை?

உங்கள் சாதனங்கள் ஒரே உள்வலையில் நேரடியாகப் பேசிக்கொள்கின்றன. வாடிக்கையாளரின் தீச்சுவர் நேரடிப் பாதையை அடைத்திருக்கிறது. அங்கே, இடையில் நின்று பாக்கெட்டுகளைக் கடத்தும் டர்ன் சர்வர் வழியாகச் சுற்றிப் போக வேண்டும். உங்கள் டர்ன் சர்வர் ஒரு மாதமாகச் செத்துக் கிடந்தாலும் உங்கள் சோதனைக்குத் தெரியாது, ஏனென்றால் அதை யாரும் நாடவே இல்லை.

இணைப்பை உருவாக்கும்போது ‘ஐஸ் டிரான்ஸ்போர்ட் பாலிசி’யை ‘ரிலே’ என்று வைத்து ஒரு தனிச் சோதனை எழுதுங்கள். டர்ன் இல்லாமல் அது இணையவே முடியாது. அடுத்து யூடிபியை முழுதும் தடுத்து, மறையாக்கம் செய்யும் டிஎல்எஸ் வழியாக 443ஆம் போர்ட்டில் இணைகிறதா என்று பாருங்கள். தேர்வான கேண்டிடேட் இணை (இரு முனைகளின் முகவரிச் சோடி) உண்மையில் ரிலேதானா என்று 7இல் சொன்ன புள்ளிவிவரங்களிலேயே சரிபார்க்கலாம். டர்ன் கடவுச்சொற்களுக்குக் காலாவதி வைத்திருந்தால், அந்த நேரத்தைத் தாண்டி நீளும் அழைப்பு ஒன்றும் வேண்டும்.

இதன் மறுபுறமும் உண்டு. நிரல்களைத் தனித்துப் பிரித்து ஓட்டும் டாக்கர் கொள்கலன்களுக்குள் சில நேரம் நேரடிப் பாதையே அமையாது. கேமரா அனுமதி பெறாத பக்கத்தில் குரோம் உள்வலை முகவரியை மறைத்து, ‘.லோக்கல்’ என்று முடியும் தற்காலிகப் பெயரைக் கொடுக்கும். கொள்கலனுக்குள் அந்தப் பெயரை முகவரியாக மாற்றித் தர ஆள் இருக்காது. பார்வையாளராக மட்டும் சேரும் பயனரைச் சோதிக்கும்போது இது தலைகாட்டும்.

13. உண்மையான கைபேசிகள் வாங்கத்தான் வேண்டுமா? எமுலேட்டர் போதாதா?

திரை அமைப்புக்குப் போதும். அழைப்புக்குப் போதாது. ஐபோன் சிமுலேட்டரில் கேமராவே கிடையாது. ஆண்ட்ராய்டு எமுலேட்டரில் பாவனைக் கேமரா இருந்தாலும், படத்தைச் சுருக்கி விரிக்கும் கைபேசியின் வன்பொருள் கோடெக் அங்கே இல்லை. சில கைபேசிகளில் மட்டும் எச்.264 என்ற கோடெக்கின் படம் பச்சையாகக் கிழிந்து வருவது போன்ற பிழைகள் வன்பொருளில்தான் பிறக்கின்றன. சூடேறி வேகம் குறைவது, நடுவில் தொலைபேசி அழைப்பு வந்து மைக்கைப் பிடுங்கிக்கொள்வது, திரையைத் திருப்புவது, செயலியைப் பின்னணிக்குத் தள்ளுவது எல்லாம் உண்மைச் சாதனத்தில்தான் தெரியும். ஒரு நடுத்தர ஆண்ட்ராய்டு, ஒரு பழைய ஆண்ட்ராய்டு, ஒரு ஐபோன் இருந்தால் தொடங்கலாம். புத்தம் புதிய விலையுயர்ந்த கைபேசியில் எல்லாமே ஓடும். அதனால் அதில் சோதிப்பதில் பெரிய பயனில்லை.

ஆண்ட்ராய்டு குரோமை ஏடிபி வழியாக குரோம்டிரைவர் இயக்கும். ஐபோன் சஃபாரியை ஐஓஎஸ் 13 முதல் சஃபாரிடிரைவர் இயக்கும். அமைப்புகளில் ரிமோட் ஆட்டோமேஷனை இயக்கியிருக்க வேண்டும். ஒரு மேக் கணினியில் ஒரே நேரத்தில் ஒரு சஃபாரி தானியங்கி அமர்வுதான் நடக்கும். சஃபாரிக்கும் சஃபாரிக்கும் இடையே சோதிக்க வேண்டுமென்றால் இரண்டாவது கணினி தேவை என்பதைத் திட்டமிடும்போதே சொல்லிவிடுங்கள், பிறகு கேட்டால் முகம் சுளிப்பார்கள்.

14. ப்ளேரைட்டில் வெப்கிட் ஓடுகிறதே, அது சஃபாரிதானே?

உறவினர், அதே ஆள் இல்லை. ப்ளேரைட் தருவது, சஃபாரியின் உள்ளே இயங்கும் இயந்திரமான வெப்கிட்டின் தனிக் கட்டமைப்பு. ஆப்பிள் தன் சாதனங்களில் சேர்க்கும் ஊடகப் பகுதிகள் அதில் அப்படியே இருக்காது. குரோமியத்துக்கும் குரோமுக்கும் இடையிலும் இதே கதை: திறமூல குரோமியத்தில் பொதுவாக எச்.264 கோடெக் இருக்காது. பக்கத்தின் நடத்தையைப் பார்க்க இவை நல்லவை. படமும் ஒலியும் சம்பந்தப்பட்டால் பயனர் நிறுவும் உலாவியையே ஓட்டுங்கள்.

15. அழைப்பின் நடுவில் வைஃபையிலிருந்து மொபைல் டேட்டாவுக்கு மாறுவதைத் தானாகச் சோதிக்க முடியுமா?

ஆண்ட்ராய்டில் முடியும். ஏடிபி வழியாக வைஃபையை அணைக்கும் கட்டளை இருக்கிறது. கைபேசி யூஎஸ்பியில் இணைந்திருக்க வேண்டும். ஏடிபியையே வைஃபை வழியாக ஓட்டிக்கொண்டு இதைச் செய்தால், உட்கார்ந்திருக்கும் கிளையை வெட்டிய கதைதான். ஐபோனில் அப்படிக் கட்டளை இல்லாததால், 11இல் சொன்ன லினக்ஸ் பெட்டியின் வைஃபையை அணைக்கிறோம்.

எதை எதிர்பார்ப்பது என்று முதலிலேயே எண்ணாக எழுதுங்கள். மறுமுனையிடமிருந்து ஒப்புதல் வராமல் 30 நொடி போனால் அந்தப் பாதையில் அனுப்புவதை உலாவி நிறுத்திவிட வேண்டும் என்பது விதி. அதுவரை கைகட்டிக் காத்திருக்கும் செயலியைப் பயனர் விட்டுவிட்டுப் போய்விடுவார். நல்ல செயலி பிணைய மாற்றத்தைக் கண்டதும், பாதையைப் புதிதாகத் தேடும் ஐஸ் ரீஸ்டார்ட் செய்யும். மறுமுனையில் ஒலி நின்ற கணத்திலிருந்து திரும்பிய கணம் வரை அளவிடுங்கள். இரண்டு கணத்தையும் ஒரே சாதனத்தின் கடிகாரத்தில் எடுங்கள். இரு சாதனங்களின் கடிகாரங்களை ஒப்பிட்டால் பிணையத்தின் தாமதத்தோடு கடிகாரங்களின் பொய்யும் சேர்ந்துவிடும்.

16. சோதனைக் கைபேசிகள் ஒரே அலமாரியில் இருக்கின்றன. சோதனை ஓடும்போது ஊளை கிளம்புகிறது. என்ன செய்வது?

ஒன்றின் ஒலிபெருக்கியை மற்றொன்றின் மைக் கேட்கிறது, அது திரும்ப அனுப்புகிறது. இரவில் தனியாக ஓடும் சோதனை என்றால் மறுநாள் காலை பாதுகாவலர் வந்து விசாரிப்பார், அனுபவத்தில் சொல்கிறேன். ஒலியளவைச் சுழியத்துக்கு இறக்குங்கள். பெறும் முனையில் ஒலியை 6இல் சொன்னபடி அனலைசரில் படிப்பதால், ஒலிபெருக்கி ஊமையாக இருந்தாலும் சோதனைக்குக் குறையில்லை. எதிரொலி நீக்கத்தையே சோதிக்க வேண்டுமென்றால் சாதனங்களைத் தனித்தனி அறைகளுக்குக் கொண்டுபோக வேண்டியதுதான்.

17. எல்லா உலாவிகளையும் எல்லாவற்றோடும் சோதிக்க வேண்டுமா? ஐம்பது பேர் சேரும் அழைப்புக்கு என்ன செய்வது?

ஐந்து வகை உலாவிகள் இருந்தால், யார் அழைக்கிறார், யார் ஏற்கிறார் என்பதையும் கணக்கில் எடுத்தால் 25 சேர்க்கைகள். திசை முக்கியம், அழைப்பவரே கோடெக் பட்டியலை முதலில் வைக்கிறார். ஒவ்வொரு குறிநிரல் மாற்றத்துக்கும் உங்கள் பயனர்கள் அதிகம் பயன்படுத்தும் மூன்று நான்கு, இரவில் அத்தனையும் என்று பிரித்துக்கொள்ளுங்கள். உலாவிகளின் அடுத்த பதிப்புகள் வெளியாகும் முன்பே பீட்டாவில் கிடைக்கின்றன. இரவு ஓட்டத்தில் பீட்டாவையும் சேர்த்தால், அவை பொதுப் பயன்பாட்டுக்கு வரும் நாளில் தூக்கம் கெடாது.

எல்லோரும் எல்லோரோடும் நேரடியாக இணையும் அழைப்பில் நான்கு பேருக்கு 6 இணைப்புகள், பத்துப் பேருக்கு 45. அதனால் பெரிய அழைப்புகள் நடுவில் ஒரு சர்வரை வைத்துக்கொள்கின்றன. ஐம்பது உலாவிகளை ஒரே கணினியில் திணிக்காதீர்கள். தரம் குறைந்த காரணம் ‘சிபியு’ என்று 7இல் சொன்ன எண் காட்டினால், நீங்கள் சோதித்தது உங்கள் தயாரிப்பை அன்று, உங்கள் சோதனைக் கணினியை. டாக்கரில் ஓட்டுபவர்களுக்கு ஒரு வரி: பகிர்ந்த நினைவகம் இயல்பாக 64 எம்பிதான், அதைக் கூட்டாவிட்டால் குரோம் காரணம் சொல்லாமல் விழும்.

18. “படம் நன்றாக இருக்கிறது” என்பதை எண்ணால் சொல்ல முடியுமா?

ஓரளவு. பேச்சின் தரத்துக்கு, தொலைத்தொடர்புத் தரநிலைகளை வகுக்கும் ஐடியூவின் போல்கா முறை உண்டு, உரிமம் பெற்றே பயன்படுத்த முடியும். படத்துக்கு நெட்ஃபிளிக்ஸ் திறமூலமாகத் தந்த விமாஃப் உண்டு. இரண்டுமே அனுப்பிய மூலத்தையும் வந்து சேர்ந்ததையும் ஒப்பிடுபவை. எந்தச் சட்டம் எந்தச் சட்டத்துக்கு இணை என்று நாம் பொருத்திக் கொடுக்க வேண்டும். படத்தின் மூலையில் சட்ட எண்ணை க்யூஆர் குறியாகப் பதித்து அனுப்பினால் அந்த வேலை எளிதாகும். ஒரே கணினியின் இரு உலாவிகள் என்றால் அதே குறியை வைத்துத் தாமதத்தையும் அளக்கலாம். ஒரு திசையில் 150 மில்லிநொடிக்குள் இருந்தால் பெரும்பாலான உரையாடல்களுக்கு உறுத்தாது, 400ஐத் தாண்டக் கூடாது என்பது ஐடியூவின் ஜி.114 பரிந்துரை.

என் கருத்து: இந்த மதிப்பெண்களை வாரம் ஒருமுறை ஓட்டிப் போக்கைப் பார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அன்றாடச் சோதனையின் தேர்ச்சி, தோல்விக்கு உறைதலும் இட்டுக்கட்டிய ஒலியுமே போதும்.

19. பத்தில் ஒரு முறை தோற்கிறது. மறுபடி ஓட்டினால் பச்சை. தானாக மூன்று முறை முயலும்படி வைத்துவிடலாமா?

வைத்தால் பலகை பச்சையாகும். பத்தில் ஒரு பயனருக்கு அழைப்பு இணையாது. அவருக்கு மறுமுயற்சி கிடையாது. நிகழ்நேரத் தொடர்பில் எப்போதாவது தோற்பது பெரும்பாலும் உண்மையான பந்தயப் பிழை, அதாவது இரு நிகழ்வுகளில் எது முந்துகிறது என்பதைப் பொறுத்து வரும் பிழை. மறுமுயற்சி வைத்தே ஆக வேண்டுமென்றால், முதல் முயற்சி தோற்றதைத் தனி எண்ணாகப் பதிவுசெய்து அது ஏறுகிறதா என்று பாருங்கள்.

தோற்ற ஓட்டத்தின் சாட்சியங்களை அழியவிடாதீர்கள். இரு முனைகளிலும் நொடிக்கொரு புள்ளிவிவரம், போய்வந்த சிக்னலிங் செய்திகள் நேரத்தோடு, உலாவிக் கன்சோல், தோற்ற கணத்தின் திரைப்பிடிப்பு. குரோமின் ‘வெப்ஆர்டிசி-இன்டர்னல்ஸ்’ பக்கமும் ஃபயர்ஃபாக்ஸின் ‘அபௌட்:வெப்ஆர்டிசி’ பக்கமும் கையால் ஆராயும்போது உதவும். வெற்றிபெற்ற ஓட்டம் ஒன்றின் பதிவையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். எங்களிடம் ஒருமுறை இரண்டு பதிவுகளுக்கும் இருந்த ஒரே வித்தியாசம் இரண்டு வரிகள் இடம் மாறியிருந்தது. தோற்றதில் கேண்டிடேட் முதலில், விவரணம் 40 மில்லிநொடி கழித்து. 10இல் நான் அவ்வளவு வற்புறுத்தியதற்குக் காரணம் அந்த இரண்டு வரிகள்.

20. எனக்கு ஒரே ஒரு சோதனை எழுதத்தான் நேரம் இருக்கிறது. எதை எழுதட்டும்?

வெவ்வேறு கணினிகளில் குரோம் ஒன்று, சஃபாரி ஒன்று. ரிலே வழியாக மட்டும் இணைப்பு. குரோம் பக்கம் பேச்சுப் பதிவும் நகரும் படமும். முதலில் சேர்வது யார் என்பதை ஒவ்வொரு ஓட்டத்திலும் மாற்றுங்கள். சஃபாரி பக்கத்தில் படம் மாறுகிறதா, ஒலி எழுகிறதா என்று ஒரு நிமிடம் பாருங்கள். முப்பதாம் நொடியில் குரோமில் மைக்கை அணையுங்கள், மறுமுனையில் ஒலி நிற்க வேண்டும். நாற்பதாம் நொடியில் திறந்துவிடுங்கள், ஒலி திரும்ப வேண்டும். நான் எழுதிய முதல் பதிப்பில் அந்த நாற்பதாம் நொடி இல்லை. மைக்கைத் திறந்த பிறகும் மௌனமாகவே இருந்த ஒரு பதிப்பு அந்த இடைவெளி வழியாகத்தான் வெளியே போனது.